என் பேரைச் சுமந்து ஓடியவன்

1

போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஒருத்தர் போன் செய்தார். பேர் வேண்டாம். ஒரு காலத்தில் என்னோடு ஒரே பரோட்டாக் கடையில் வேலை பார்த்தவர். மழை, வெயில், மருமகள், சர்க்கரை வியாதி எல்லாவற்றையும் பேசிவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். 

"அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. உங்க மகன் இங்கன காந்தி சிலைப் பக்கம் காலை இழுத்து இழுத்து நடந்து போறான். லண்டன்ல எதுவும் வில்லங்கமா? தொரத்தி விட்டுட்டானுகளோன்னு ஒரு பேச்சு ஓடுது."

"யாருய்யா சொன்னது?"

"யாருன்னு சொல்ல? எல்லாரும்தான்."

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் ஊர்க்காரர் சங்கம் போடுகிற ஆண்டு மலரில் வருஷா வருஷம் கடைசிப் பக்கத்தில் என் கடை விளம்பரம் வரும். பார்த்திருப்பீர்கள். இந்த வருஷம் அந்தப் பக்கத்தில் இதைப் போடச் சொல்லிவிட்டேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

முதலில், நான் இருப்பது லண்டன் இல்லை. அங்கேயிருந்து ரயில் ஏறி வடக்கே வரவேண்டும். எந்நேரமும் மழை தூறும், மூடிக் கிடக்கும் பழைய நூல் மில்கள் நிறைந்த ஊர். மில் புகைபோக்கியைப் பார்த்ததும் நம்ம ஊர் மாதிரி இருக்கிறதே என்று இங்கேயே இறங்கிவிட்டேன். அடுத்தவன் கடையில் பரோட்டா போட வந்தவன், இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளி. வெள்ளைக்காரன் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்று என் கடையில் கொத்து பரோட்டா வாங்கிப் போகிறான். என்னை யாரும் கைதூக்கி விடவில்லை. நான் யாரிடமும் கேட்கவும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வேறு ஒன்றும் மிச்சம் இல்லை.

2

என் மகன் செல்வக்குமாரை நாங்கள் செல்வா என்று கூப்பிடுவோம். அவன் கால்பந்து ஆடியவன். சாயங்காலம் பொழுதுபோக ஆடியவன் இல்லை, அதுவே தொழிலாக ஆடியவன். இங்கே கால்பந்தில் படிப்படியாகப் பல லீக்குகள் உண்டு. உச்சியில் இருப்பதைத்தான் நீங்கள் டிவியில் பார்க்கிறீர்கள். இவன் ஆடியது மூன்றாவது, நான்காவது படியில். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். அந்தப் படியில் ஏறி நிற்பதற்குள் ஆயிரம் பையன்கள் வழியில் விழுந்துவிடுகிறார்கள்.

ஆடியது நடுக்களத்தில். மிட்பீல்டர் என்பார்கள். எனக்கு அது வெகு நாள் பிடிபடவில்லை. கோல் போடுகிறவனைத் தெரிகிறது, கோலைத் தடுக்கிறவனைத் தெரிகிறது. இவன் நடுவில் நின்றுகொண்டு, பந்து வந்த மறு நிமிஷம் யாருக்காவது கொடுத்துவிடுகிறான். பரோட்டாக் கடையில் கல்லுக்கு முன்னால் நின்று வீசுகிறவனைத்தான் ஊரே பார்க்கும். உள்ளே மாவு பிசைகிறவனை யார் பார்ப்பார்கள்? நான் மாவு பிசைகிற இடத்திலிருந்து கல்லுக்கு முன்னால் வரப் பட்ட பாடு எனக்குத் தெரியும். இவனோ தானாக விரும்பி உள்ளே போய் நிற்கிறான்.

"அடிலே! நீயே அடிலே!" என்று ஸ்டாண்டில் எழுந்து நின்று கத்துவேன். அர்த்தம் தெரியாமல் பக்கத்து வெள்ளைக்காரக் கிழவர்களும் "அடிலே, அடிலே" என்று கத்தப் பழகிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் செல்வா சொல்லுவான், "அப்பா, நான் அடிச்சா கோல் ஆவாது. குடுத்தாத்தான் ஆவும்." சின்ன வயதிலேயே இங்கே வந்தவன், வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். ஆனால் தமிழ் பேசினால் அப்படியே அவன் அம்மாவின் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சு. மூக்கால் பேசுகிற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பேச்சு.

எட்டு வயதில் ஒரு பெரிய கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் எடுத்தார்கள். என் மனைவி தங்கம் இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போவாள். தூக்கில் தயிர்சோறு இருக்கும். பதினாறு வயதில் ஒரு அறையில் உட்கார வைத்து, நல்ல பையன், ஆனால் உடம்பு பத்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊர்ச் சின்னக் கிளப் ஒன்று எடுத்துக்கொண்டது. பதினெட்டில் முதல் ஒப்பந்தம். மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார். நான் "சேம் டு யூ" என்றேன். அவருக்கு எந்த மகனும் ஒப்பந்தம் போடவில்லை என்பது காருக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. செல்வா பின் ஸீட்டில் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது.

3

இந்த இடத்தில் பேர் விவகாரத்தைச் சொல்லவேண்டும்.

நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. மதுரையில் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று அப்பன் பேரையோ புருஷன் பேரையோ அதில் போட்டுவிட்டான். நான் மாடசாமி. அதனால் என் மகன் இங்கே மிஸ்டர் மாடசாமி. தங்கம் மிசஸ் மாடசாமி. நான் மட்டும் என் அப்பன் பேரில் மிஸ்டர் வேலு. ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு மூவரும் போனபோது டீச்சர் என்னைப் பார்த்து, பையனின் அப்பா வரவில்லையா என்று கேட்டாள்.

ஆனால் சட்டையில் குடும்பப் பெயரைத்தான் அச்சடிப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு அவன் மைதானத்துக்குள் ஓடி வந்தபோது முதுகு முழுக்க இங்கிலீஷ் எழுத்தில் மாடசாமி. ராஜபாளையத்துப் பரோட்டா மாஸ்டர் மாடசாமி! மைக்கில் அறிவித்தவன் "மடசாமி" என்றான்.

"சரியாத்தான் சொல்லுதான்" என்றாள் தங்கம்.

பிறகு ஜனங்கள் அதைச் சுருக்கி "சாமி" ஆக்கினார்கள். அதற்கு ஒரு ராகம் போட்டுப் பாட்டும் கட்டினார்கள். சனிக்கிழமை மதியமானால் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு ஸ்டாண்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். மழையில் நனைந்துகொண்டு அத்தனை பேரும் "சாமி, சாமி" என்று பாடும்போது எனக்கு மேலெல்லாம் புல்லரிக்கும். எந்த அப்பனுக்குக் கிடைக்கும் அது? ஒரு வருஷம் அணிக்கே அவன் கேப்டன். அந்த வருஷம்தான் அணி ஒரு படி மேலே ஏறியது. ஊர்வலமாகத் திறந்த பஸ்ஸில் வந்தார்கள். என் கடை வாசலில் பஸ் நின்றது. கடைக்குள் நான் மாட்டாத போட்டோ இல்லை.

முப்பது வயதானதும் எல்லாம் மாறியது. கெண்டைக்காலில் ஒரு தடவை பிடித்தது. அடுத்து தொடையில். நடுக்களத்தில் நிற்பவன் மற்றவர்களைவிட அதிகம் ஓடவேண்டியவன். ஓட்டம் ஒரு அடி குறைந்தால் தேய்ந்த டயரைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மேனேஜர் மாறியிருந்தார், புது ஆளுக்கு இவன் யாரென்றே தெரியவில்லை.

4

வீட்டில் ஆறு மாதம் இருந்திருப்பான். ஒருநாள் கடை அடுக்களைக்கு வந்தான். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தங்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தியாவுல ஒரு கிளப் என்னைக் கேக்குது. ஆனா இந்த ஊர்ப் பாஸ்போர்ட்டோட போனா பாரினர் கணக்கு. பாரினர்னா கொஞ்சப் பேருக்குத்தான் எடம், பெரிய பெரிய ஆளா எடுப்பாங்க. இந்தியன்னா என்னை எடுத்துக்கிடுவாங்க."

"அதுக்கு?"

"இதைக் குடுத்துட்டு இந்தியன் ஆயிரணும். ஒரு வருசம் அங்கேயே இருக்கணும், பொறவு எழுதிக் குடுக்கணும்."

கத்தியைக் கீழே வைத்தேன். "ஏலே, அது என்ன ரேஷன் கார்டா? இந்தக் கடையில இருந்து அந்தக் கடைக்கு மாத்துறதுக்கு? அந்தப் புத்தகத்துக்கு நான் எம்புட்டு நாள் வரிசையில நின்னேன்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா. வாரா வாரம் சொல்லுதீகளே."

சொல்லத்தான் செய்வேன். எந்த ராஜாவுக்கு எத்தனை மனைவி, எந்த மலை எந்தப் பக்கம் என்று இங்கிலீஷில் பரீட்சை வைத்தார்கள். மாவு பிசைந்துகொண்டே மனப்பாடம் செய்தேன். மூன்று தடவை தோற்றேன். நான்காவது தடவை பாஸ். டவுன் ஹாலில் கோட்டு போட்டு நின்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். பிறகு இந்தியத் தூதரகத்தில் என் இந்தியப் பாஸ்போர்ட்டின் மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். மனசு கொஞ்சம் என்னவோ செய்தது. மகனுக்காக என்று தேற்றிக்கொண்டேன். அந்த மகன் இப்போது வந்து, வேண்டாம் என்கிறான்.

தங்கம் பாத்திரத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அவன் ஆடணும்ங்கான். இன்னும் ரெண்டு வருசம் ஆடட்டுமே. நீங்க என்ன அவனுக்குப் பதிலா ஓடவா போறீக?"

கிளம்பிப் போனான். ராஜபாளையத்தில் நான் கட்டிப் பூட்டி வைத்திருந்த வீட்டில் போய் இருந்தான். கிரானைட் தரை, மாடியில் வளைவு, வாசலில் சிங்கம். ஊரே பார்க்கவேண்டும் என்று கட்டிய வீடு. அதில் குடியேறிய முதல் ஆள் அவன்தான். விடிவதற்கு முன்னால் அய்யனார் கோயில் ரோட்டில் ஓடுவான், நாய்கள் கூடவே ஓடும் என்று போனில் சொல்லுவான். குரலில் ஒரு தெம்பு இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

5

அந்த வருஷங்களில் நான் இரண்டு தடவை ஊருக்கு வந்தேன். முதல் தடவை காகித வேலைக்கு. அவன் பிறந்தது தங்கத்தின் பிறந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில். பிறப்புச் சான்றிதழும் அங்கேதான். அப்பன் என்று நான் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் வேலை நடக்கும் என்றார்கள்.

அலுவலகத்தில் ஒரு அம்மா பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இதுல செல்வக்குமார்னு இருக்கு. அதுல செல்வக்குமார் மாடசாமி. யாரு மாடசாமி?"

"நாந்தாம்மா" என்றேன்.

"நீங்களா பந்து வெளையாடப் போறீக?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வா சிரிக்கவில்லை. "மேடம், அது அப்பா பேரு. அங்க சேத்துப் போட்டுட்டாங்க. என் பேரு செல்வக்குமார் மட்டுந்தான். அதை மட்டும் வச்சுக்கிடுங்க."

"இனிஷியல்?"

"எம்."

ஒரு எழுத்து, ஒரு புள்ளி. அவ்வளவுதான் நான். கோர்ட்டுப் பக்கத்தில் வக்கீலிடம், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று உறுதிமொழி எழுதி வாங்கினோம். வெளியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஏம்லே, எம் பேரு அம்புட்டுக் கசக்குதா?"

"கசக்கலப்பா." காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அம்புட்டு வருசமும் கிரவுண்டுல ஒருத்தனும் என் பேரச் சொல்லி என்னைக் கூப்புடல. நல்லா ஆடுனாலும் மாடசாமி, சொதப்புனாலும் மாடசாமி. நீங்க மேல உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருப்பீக. வீட்டுக்கு வந்தா, இன்னைக்கு ஆடுனது நானா நீங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்."

அவனுக்காக நான் உழைத்ததை எல்லாம் அடுக்கினால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை அடுக்கலாம். ஆனால் பஸ் வந்துவிட்டது.

6

இரண்டாவது தடவை தங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது அவனுடைய காகிதம் எல்லாம் முடிந்து, அவன் இந்தியன் ஆகிவிட்ட பிறகு. கிளப்பில் ஒப்பந்தம் தயார். உடல் பரிசோதனை முடிந்ததும் கையெழுத்து. அதுவரை எங்கேயும் ஆடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த நேரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கத்தின் தம்பி சுந்தரம் இருக்கும் தெருவில் கோயில் பொங்கல். சுந்தரம் விழாக் கமிட்டியில் இருப்பவன். தளவாய்புரத்தில் நைட்டி மொத்தமாக எடுத்து வியாபாரம் செய்கிறவன். கால்பந்துப் போட்டி வைத்து, செல்வாவின் முகத்தை ஆள் உயரத்துக்கு பிளெக்ஸ் அடித்துப் பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டுத்தான் எங்களிடம் சொல்லவே வந்தான்.

"மாமா, கிளப்புல ஆடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றான் செல்வா.

"செத்த நேரம் வந்து நில்லு மாப்ள. பந்தைத் தொடக்கூட வேணாம். உன்னை மடியில உக்கார வச்சுக் காது குத்துன தாய்மாமன் கேக்கேன். இல்லைன்னு சொன்னா நான் தெருவுல எப்படி நடப்பேன்?"

இங்கிலாந்தில் வளர்ந்த வேறு எந்தப் பையனாக இருந்தாலும் முடியாது என்று சொல்லியிருப்பான். செல்வா அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் தம்பியைப் பார்த்தாள். தாய்மாமன் கேட்டு முடியாது என்று சொல்ல நம்மில் யாருக்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை. எனக்குப் பொன்னாடை வேறு போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற டெய்லர்களிடமே சுந்தரம் சட்டை தைத்து வாங்கியிருந்தான். முதுகில் தமிழில் செல்வா என்று இருந்தது.

சொன்னபடி முதலில் நின்றான். ஆனால் நடுக்களத்தில் நிற்பவனால் பந்தைத் தொடாமல் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? பந்து அவனைத் தேடி வந்தது. "ஏலே செல்வா, இங்கிட்டு! செல்வாண்ணே, எனக்கு!" என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். கரையில் நின்ற ஜனங்களும் "செல்வா, செல்வா" என்று பிடித்துக்கொண்டார்கள். சின்ன மைதானம், நான் வெகு பக்கத்தில் இருந்தேன். பந்து வருவதற்கு முன்பே இவன் தோளுக்கு மேலாகத் திரும்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொள்கிறான். அதை அத்தனை வருஷம் நான் பார்த்ததே இல்லை. பந்து காலில் பட்டவுடன் அது போகவேண்டிய இடத்தில் கூட ஆடுகிற ஒரு மில் தொழிலாளி ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கே தெரியாமல் அவனை நல்ல ஆட்டக்காரனாக ஆக்கிவிட்டான் இவன். செல்வா சிரித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. முந்தின நாள் பந்தல் கால் பிடுங்கிய குழியை மேலாக மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். கால் அதற்குள் இறங்கியது, உடம்பு மட்டும் திரும்பியது.

விழுந்தவனைப் பார்த்துக் கரையிலிருந்து ஒருத்தன், "பாரு, பாரு, லண்டன் ஆக்டிங்!" என்று விசிலடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். நான் பொன்னாடையோடு ஓடினேன். "அம்மா" என்று மட்டும் சொன்னான். இங்கிலீஷில் கத்தவில்லை.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் நடந்தது. நடக்கலாம், மாடி ஏறலாம், வண்டி ஓட்டலாம் என்றார் டாக்டர். அதோடு நிறுத்திக்கொண்டார். கிளப்பிலிருந்து வருத்தம் தெரிவித்து ஒரு செய்தி வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. சுந்தரம் ஒரு மாதம் ஆஸ்பத்திரி வாசலிலேயே படுத்துக் கிடந்தான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே ஊர்க்காரர்களே, என் மகனை யாரும் துரத்தவில்லை. இதுதான் நடந்தது.

7

இங்கிலாந்துக் குடியுரிமையை இப்படி விட்டவர்கள் கேட்டால் ஒரு தடவை திருப்பிக் கொடுப்பார்கள் என்று இங்குள்ள வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து தினமும் செல்வாவுக்குப் போன் செய்தேன்.

"எழுதிக் குடுத்தாப் போதும்லே. வந்துரலாம்."

"வந்து?"

"கடை இருக்கு. மூணு கடை."

"பரோட்டா எனக்கு வராதுப்பா."

"நீ போட வேணாம். கல்லாவுல உக்காரு."

"அங்க வந்தா நான் எல்லாருக்கும் பழைய மாடசாமி. கடைச் செவத்துல என் போட்டோ. சனிக்கிழமை கிரவுண்டு சத்தம் கடை வரைக்கும் கேக்கும். முடியாதுப்பா."

"அங்க மட்டும் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாம இருக்க இங்க விடுதாங்க."

பையன்களுக்குச் சொல்லிக் கொடு என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்களாம். போகவில்லை. டிவியில்கூடப் பந்து பார்ப்பதில்லை என்று சுந்தரம் சொன்னான். காலையில் காய் வாங்கப் போகிறான், சமைக்கிறான், ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறான். அம்புட்டுப் பெரிய வீட்டில் ஒரு அறையில்தான் விளக்கு எரிகிறதாம்.

நான் இதுவரை எதிலும் தோற்றதில்லை. தோற்றாலும் நான்காவது தடவை ஜெயித்தவன். இதில் எத்தனையாவது தடவை என்று எனக்குத் தெரியவில்லை. வெங்காயம் நறுக்குகிறேன், ஆட்களைத் திட்டுகிறேன், கல்லா கட்டுகிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தங்கம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவளே டிக்கெட் எடுத்தாள். பெட்டியை எடுத்து ஹாலில் வைத்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"எப்பத் திரும்புவே?"

"திரும்புற டிக்கெட் எடுக்கல."

"நான்?"

"நீங்க வாரீகளான்னு கேக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள். "வாரீகளா?"

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாண ஆர்டர் இருக்கிறது என்றேன். அது உண்மைதான். ஆனால் அது முடிந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒன்று இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். வாசலில் சிங்கம் வைத்த வீட்டுக்குள், விளக்கில்லாத அறைகளைத் தாண்டி, செல்வாவின் முன்னால் போய் உட்காரவேண்டும் என்று நினைத்தாலே எனக்குக் கால் வரவில்லை.

"சரி" என்றாள்.

முந்தாநாள் விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டிப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்து, சேர்ந்து பயணம் செய்கிறீர்களா என்று கேட்டாள். இத்தனை வருஷமும் இப்படி யாராவது இங்கிலீஷில் கேட்டால் தங்கம் என் முகத்தைப் பார்ப்பாள், நான் பதில் சொல்வேன். அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"நோ" என்றாள். "ஒன்லி மீ."

பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தேன். அது மெதுவாக நகர்ந்து உள்ளே போனது. அதன் பிறகு அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை.